அடுப்பை உள்ளே கொண்டுபோன கஸ்தூரி அக்கா

சுள்ளிக்கல் ஜங்ஷன் சலூனில் பாதி முகம் மழித்து, மீதியில் சோப்பு நுரையோடு உட்கார்ந்திருந்தபோது மகள் போன் செய்தாள். "அப்பா, கஸ்தூரி அத்தை பஸ் ஸ்டாப்புல விழுந்துட்டாங்க. ஆஸ்பத்திரி போறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு." கழுத்தில் கட்டிய துணியோடு மட்டாஞ்சேரிக்கு ஓடிவந்தேன். என் முகத்தைப் பார்த்து, அழுதுகொண்டிருந்தவர்கள் ஒரு நொடி அழுகையை நிறுத்திவிட்டார்கள். வெட்கப்படக்கூட எனக்குத் தெம்பில்லை. முந்தின சாயங்காலம்தான் என் தொந்தியைக் காட்டி, "வீட்டை இடிக்க மறுபடி ஜேசிபி வந்தா நீ குறுக்கே படு குமாரு, அது போதும்" என்று சாயாக்கடையையே சிரிக்கவைத்தவர் அக்கா. இன்னும் நம்ப முடியவில்லை.

எங்கள் கால்வாயோர வீட்டு வரிசையின் பழக்கம் உங்களுக்குத் தெரியும். கடல் ஏறி வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தால் சாமானைத் தூக்கி ரோட்டில் வைப்போம். வடிந்ததும் திரும்ப எடுத்துப்போவோம். முன்பு, நடைபாதை போடவேண்டும் என்று எங்களைக் காலி செய்ய ஜேசிபி வந்த காலையிலும் பழகின கை அதையேதான் செய்தது. டிவியைத் தலையில் வைத்துக்கொண்டு முதலில் வெளியே வந்த அறிவாளி நான். அதிகாரி நிதானமாகப் போட்டோ எடுத்தார். சாமானை நீங்களே வெளியே எடுத்தாச்சு, அப்போ காலி செய்யச் சம்மதம்தானே என்றார்.

நகரசபைத் துப்புரவு வேலை முடிந்து அப்போதுதான் வந்தார் அக்கா. தன் மருமகள் ரோட்டில் வைத்திருந்த அடுப்பைத் தூக்கி உள்ளே கொண்டுபோனார். பற்றவைத்துக் கஞ்சிக்கு உலை ஏற்றினார். வாசலுக்கு வந்து எங்களைப் பார்த்தார்.

"வெள்ளம் வந்தா வடியும். இவங்க வந்தா வடிய மாட்டாங்க. எல்லாத்தையும் உள்ள எடுங்க. மூணு தலைமுறையா இந்த ஊர்க் குப்பையை அள்ளியிருக்கோம். நம்மளையும் சேர்த்து அள்ள விடாதீங்க."

சாமான்கள் திரும்ப உள்ளே போயின. உலை கொதிக்கிற வீட்டை இடிக்க ஜேசிபி ஓட்டிவந்த சேட்டனுக்கு மனசு வரவில்லை, வண்டியை அணைத்துவிட்டார். பிறகு கோர்ட்டில் தடை வாங்கியதும், வாய்தாவுக்கு வாய்தா லீவு போட்டுப் படியேறியதும் அக்காதான். வழக்கு இன்னும் நடக்கிறது.

மயானத்திலிருந்து திரும்பியதும், இனி வாய்தாவுக்கு யார் போவது என்று பக்கத்து வீட்டு அந்தோணி சேட்டன் கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எட்டாம் வகுப்போடு நின்றவன் கோர்ட்டுக்குப் போனால் ஜட்ஜுக்குத்தான் கஷ்டம் என்றேன். இரண்டு பேர் சிரித்தார்கள்.

அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அவருடைய கேலியும், வாசலில் அவர் நின்ற நிற்பும். கேலி மட்டும் அன்று சுலபமாக வந்துவிட்டது. "நான் போறேன்" என்பது வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது.