சனிக்கிழமை பதினோரு மணி

எனக்குச் சர்க்கரை நோய் வந்தது எண்பதுகளின் கடைசியில். பால்கோவா ஊரில் குடியிருந்துகொண்டு சர்க்கரை வராவிட்டால் ஊருக்கல்லவா அவமானம் என்று டாக்டரிடமே சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. காலையில் ஒரு மாத்திரை, அரை மணி நேரத்தில் சாப்பாடு என்றார். "மாத்திரைய மட்டும் ஒருநாளும் விட்றாதீங்க" என்றும் சொன்னார். அந்தக் கடைசி வாக்கியம் மட்டும்தான் என் மண்டையில் தங்கியது.

வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில், வேலை ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில், ஸ்டோர் கீப்பர். எந்தப் பேரிங் எந்தத் தட்டில் இருக்கிறது, எந்த பெல்ட் எந்த ஆணியில் தொங்குகிறது என்று ரிஜிஸ்டரைத் திறக்காமலே சொல்வேன். அந்த ஞாபகத்துக்காகத்தான் மில்லில் என்னைப் பொறுத்துக்கொண்டார்கள். மற்றபடி நான் வாயைத் திறந்தால் கேலிதான். மேனேஜரும் தப்ப மாட்டார்.

புரட்டாசி வந்தது. சனிக்கிழமைதோறும் விரதம். காலையில் ஒரு காப்பி. பிறகு சாயங்காலம் மலைமேல் பெருமாளைச் சேவித்துவிட்டு வந்துதான் சோறு. மாத்திரை? அதை விழுங்கிவிடுவேன், மருந்து விரதத்தில் சேராது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். டாக்டர் பேச்சையும் மீறவில்லை, பெருமாளும் கோபிக்க மாட்டார். ஒரே வாய்த் தண்ணீரில் இரண்டு பேரையும் சமாளித்துவிட்ட பெருமை எனக்கு.

முதல் சனிக்கிழமை பதினோரு மணிவாக்கில் ரிஜிஸ்டரில் தேதி எழுதப் போனேன். மாசம் வரவில்லை. பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். வேர்த்துக் கொட்டியது. யாரோ கொடுத்த சர்பத்தைக் குடித்த பிறகு மாசமும் வந்தது, வருஷமும் வந்தது.

இரண்டாவது சனிக்கிழமை அரைநாள் லீவு. ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கினேன். இருபது வருஷமாக நடக்கிற வழி. எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியவில்லை. ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு, பஸ்ஸுக்கு நிற்பவனைப்போல நடித்தேன். தெரிந்தவர் ஒருவர் வந்து, "என்ன, மதுரைக்கா?" என்றார். ஆமாம் என்றேன். நல்லவேளை, அவர் என்னைப் பஸ் ஏற்றிவிடவில்லை.

அன்று பயந்த பயம் சாதாரணமில்லை. என் சித்தப்பாவுக்கு ஐம்பது வயதுக்கு முன்பே புத்தி பேதலித்துவிட்டது. சொந்த மகளையே "நீ யாரு வீட்டுப் பிள்ளை?" என்று கேட்டார். அதே வழியில் என் பயணமும் தொடங்கிவிட்டது என்று முடிவு கட்டினேன். மனைவியிடம் மூச்சு விடவில்லை. ராத்திரி படுத்துக்கொண்டு அவள் பெயர், பிள்ளைகள் பெயர், கொழுந்தியாள் பெயர் எல்லாவற்றையும் சொல்லிப் பார்ப்பேன். கொழுந்தியாளின் பெயர் முதலில் வந்தது தனிக் கவலை.

சனிக்கிழமைதான் இப்படி ஆகிறது என்பதைக் கண்டுபிடித்த புத்தி, அதற்குமேல் நேராகப் போகாமல் ஜோசியரிடம் போனது. அவர் கட்டத்தைப் பார்த்துவிட்டு, "அஷ்டமத்துல சனி. விரதத்தை இன்னும் கடுமையாப் பிடிங்க" என்றார். அடுத்த வாரம் அந்த ஒரு காப்பியையும் விட்டேன். மாத்திரையை விடவில்லை.

மூன்றாவது சனிக்கிழமை. மிஷின் ரிப்பேர் பார்க்கிற பிட்டர் தம்பி வந்து நின்றான். வேதக்காரப் பையன், ஞாயிறானால் சர்ச்சுக்குப் போகிறவன், என்மேல் பிரியம் உண்டு. "அண்ணாச்சி, ஆறு ரெண்டு சைபர் அஞ்சு பேரிங் ஒண்ணு குடுங்க. மிஷின் நிக்கி."

அவன் வாய் அசைவது தெரிந்தது. சொன்னது சொல்லாகச் சேரவில்லை. தட்டுகளைப் பார்த்தேன், எல்லாம் ஒரே இரும்பு.

"நீங்க யாரு?" என்றேன்.

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். "பாத்தியாலே, ஆரம்பிச்சிட்டாரு!"

"நெசமாத்தான் கேக்கேன். இது எந்த இடம்?"

"வெறும் வயித்துலயே அண்ணாச்சிக்கு இம்புட்டு லொள்ளா!"

உள்ளே நான் அலறிக்கொண்டிருக்கிறேன், வெளியே கைதட்டுகிறார்கள். இருபது வருஷமாக நானே சம்பாதித்த பெயர் அது, யாரைக் குறை சொல்ல? அதோடு என் நினைவு அறுந்துவிட்டது.

திரும்ப வந்தபோது நாக்கெல்லாம் தித்திப்பு. சட்டை முழுக்க வேர்வை, கன்னத்தில் டீ. பிட்டர் என் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"விரதத்தைக் கெடுத்திட்டியேலே" என்றேன்.

"எங்கம்மாவுக்கும் சுகருதான். இந்த வேர்வைய நான் பாத்திருக்கேன். மாத்திரையப் போட்டுட்டு வயித்தக் காயப் போட்டீகளாக்கும்?"

"மருந்து விரதத்துல சேராதுல்லா."

"நல்லாக் கெடுத்தீக போங்க."

மறுநாள் டாக்டர் கத்தினார். ரத்தத்தில் சர்க்கரை அளவுக்குமேல் இறங்கினால் மூளைக்குத் தீனி இல்லை. யோசனையும் ஞாபகமும்தான் முதலில் தடுமாறும். இன்னும் செத்த நேரம் விட்டிருந்தால் உயிரே போயிருக்கும் என்றார். "அப்ப எனக்குப் புத்தி பேதலிக்கலையே டாக்டர்?" என்று மூன்று தடவை கேட்டேன். "மாத்திரையப் போட்டுட்டுப் பட்டினி கிடக்கிறது என்ன புத்தி?" என்றார். அந்தத் திட்டு அவ்வளவு ஆறுதலாக இருந்தது. சித்தப்பாவின் வழி என் வழியல்ல.

வீட்டில் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கொழுந்தியாள் விஷயம் தவிர. அதுமுதல் விரத நாளிலும் இட்லியை என் தட்டில் வைத்து, நான் விழுங்குகிறவரை நகர மாட்டாள்.

ஆனால் நினைவு அறுந்துகிடந்த அந்தக் கால்மணி நேரம் எனக்குத் திரும்பக் கிடைக்கவே இல்லை. அதில் நான் என்ன செய்தேன் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். டீக் கிளாஸைத் தட்டிவிட்டேன் என்றான் ஒருவன். அம்மாவைக் கூப்பிட்டு அழுதேன் என்றான் இன்னொருவன். என்னைக் கேலி செய்கிறார்களா, நடந்ததைச் சொல்கிறார்களா என்று கண்டுபிடிக்க வழியில்லை. ஒருநாள் பிட்டரைத் தனியாகப் பிடித்து, "நெசத்தச் சொல்லு, நான் என்னலே பேசினேன்?" என்றேன்.

அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. பேரிங் தட்டைப் பார்த்துக்கொண்டு, "அதெல்லாம் எதுக்கு அண்ணாச்சி? சாப்பிட்டீகளா, அதச் சொல்லுங்க" என்றான்.