ரிமினிக்கு ஆள் சேர்த்த கதை

விமான ரிக்கற் விற்கிற வேலையில், போகாத ஊரைப் போய் வந்தவள் மாதிரிச் சொல்லவேண்டும். மேசைக்கு இந்தப் பக்கம் இருந்து பிழைத்தவர்களுக்கு அந்த நெஞ்சிடி தெரியும்.

தொண்ணூறுகளின் நடுவில், நாங்கள் குடியேறிய குளிர் நாட்டில், வோபர்னில் ஒரு தமிழ்ப் பயண முகவர் கடையில் இருந்தேன். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவள். முதலாளி கத்தோலிக்கச் சனத்துக்கென்று இத்தாலிக்கு ஒரு யாத்திரை போட்டார். பாதுவா, ரோம், நடுவில் ரிமினி என்ற கடற்கரை ஊர். ஒக்ரோபரில் அங்கே ஹோட்டல் மலிவாம். "பஸ் நிரம்பாட்டி உங்கடை மேசையையும் எடுக்கவேண்டி வரும், அக்கா" என்றார்.

கடல்

முதலில் வந்தவர் ஒரு மன்னார் அங்கிள். ரிமினிப் படத்தைக் காட்டி, நீண்ட மணல், வரிசையாகக் குடைகள், அந்தக் காலத்திலேயே சீமான்கள் வந்து குளித்த கரை என்று பாடமாக்கியதை ஒப்புவித்தேன். படத்தைத் திருப்பித் தந்தார்.

"கடல் பாக்கக் காசோ பிள்ளை? நான் கடலுக்கை கிடந்து வந்தனான்."

பாலம்

பிறம்ரனில் லொறி ஓட்டுகிற தம்பியிடம் ரோமர் கட்டிய பாலத்தைச் சொன்னேன். இரண்டாயிரம் வருசமாகியும் அதன்மேல் கார் ஓடுகிறது என்றேன். ரிக்கற் எடுக்கவில்லை, சிரித்துக்கொண்டு எழும்பினான்.

"கட்டினவங்களை இஞ்சை கூப்பிடுங்கோ அக்கா, எங்கடை 401 ரோட்டை வருசம் முழுக்கக் கிண்டுறாங்கள்."

மீன்

மகளின் பாரிஸ் ரிக்கற்றுக்காக அஜக்ஸிலிருந்து வந்த பிலோமினா அன்ரி படத்தில் ரிமினி என்ற பேரைக் கண்டதும் சிலுவை போட்டார். சனங்கள் கேளாததால் அந்தோனியார் கரைக்குப் போய் மீன்களுக்குப் பிரசங்கம் வைத்தாராம். அவை தலை தூக்கிக் கேட்டனவாம். அது இந்த ரிமினியில்தானாம். நான் சைவக்காரி, முதலாளியும் அப்படித்தான். உண்மையோ என்று இரண்டு தரம் கேட்டேன்.

"உமக்கேன் ஐமிச்சம்? எனக்கும் ஒரு ரிக்கற் எழுதும்."

கதை அன்ரியோடு அவர்களின் கோயிலுக்குப் போனது. பாதரும் சேர்ந்தார், மன்னார் அங்கிளும் வந்தார், பஸ் நிரம்பியது.

ஒக்ரோபர்

அவர்கள் விமானம் ஏறியதும் என் நித்திரை போய்விட்டது. அந்த மாதம் குடைகளை மடித்துவிடுவார்கள், கடைகள் பாதி பூட்டு என்று நான் ஒருவருக்கும் விளங்கச் சொல்லவில்லை. திரும்பி வந்த அங்கிள் நேரே கடைக்கு வந்தார். முதலாளியும் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார்.

ஜக்கெற்றோடு மணலில் நின்று மெழுகுதிரி கொளுத்தினார்களாம், காற்று அணைத்துவிட்டதாம். பாதர் பிரசங்கம் வைக்க எல்லோரும் தண்ணீரையே பார்த்தார்களாம். ஒரு மீனும் தலை தூக்கவில்லையாம்.

"அப்ப யாத்திரையிலை குறையோ அங்கிள்?" என்றேன்.

"எங்கடை பாதரின்ரை பிரசங்கத்துக்கு நாங்களே ஒழுங்காப் போறேல்லை, மீன் வருமே? வாற வருசமும் போடுங்கோ பிள்ளை."

மேசை தப்பியது, அதன்பிறகு எந்த ஊரை விற்கச் சொன்னாலும், அங்கே எந்தப் புனிதர் வந்துபோனவர் என்பதைத்தான் முதலில் விசாரிக்கிறேன்.