எல்லா கேமும் ஓடும்

"எல்லா கேமும் ஓடும்" என்று என் வீட்டுக்காரர் சொன்னபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும். இருபத்தெட்டு வருஷக் குடித்தனத்தில் அவர் "எல்லாம்" என்று ஆரம்பித்த எதுவும் முழுதாக நடந்ததில்லை. திருவெறும்பூர் குவார்ட்டர்ஸை விட்டு ஸ்ரீரங்கத்துக்கு வந்தபோது "எல்லாச் சாமானும் ஒரே நடையில போயிடும்" என்றார். லாரி மூன்று தடவை காவிரிப் பாலம் தாண்டியது. மூன்றாவது நடையில் வந்தது ஒரு கிரைண்டரும் அவருடைய ஸ்பேனர் பெட்டியும்.

அவர் தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் பிரிவில் இருக்கிறார். வீட்டில் மிக்ஸி நின்றாலும் ஃபிரிட்ஜ் நின்றாலும் அவருக்கு ஒரே வசனம்தான். "முதல்ல காத்து போற வழியைப் பாரு. பாதி வியாதி அடைப்புதான்." நானும் பல்லைக் கடித்துக்கொண்டு பல வருஷம் கேட்டிருக்கிறேன்.

ரிட்டயர் ஆக இரண்டு வருஷம் இருக்கும்போது அவருக்கு ஒரு கூட்டம் சேர்ந்தது. கம்ப்யூட்டரில் கம்பெனிக்காரன் விற்கிற சிஸ்டத்தைத் தொடாமல், இலவசமாகக் கிடைக்கிற சிஸ்டத்தைப் போட்டுக்கொண்டு வாழ்கிறவர்கள். ஏழெட்டுப் பேர் இருப்பார்கள். மாதம் ஒரு சனிக்கிழமை தில்லைநகரில் ஒருத்தர் வீட்டு மாடியில் கூடுவார்கள். ஒரு தடவை நானும் போனேன். பஜ்ஜி நன்றாக இருந்தது. மற்றபடி, ஹோட்டலில் சாப்பிடுகிறவர்களைப் பற்றி என் மாமியார் எப்படிப் பேசுவாரோ, அப்படித்தான் அவர்கள் ஊரில் உள்ள மற்ற கம்ப்யூட்டர்களைப் பற்றிப் பேசினார்கள். நான் பழைய கம்ப்யூட்டரில் கேம் விளையாடுகிறேன் என்று சொன்னதும், சிகரெட் பிடிக்கிறேன் என்று சொன்ன மாதிரி பார்த்தார்கள்.

ஆமாம், நான் கேம் விளையாடுகிறவள். வயது ஐம்பத்திரண்டு. வெட்கமெல்லாம் கிடையாது. லாரி ஓட்டுகிற கேம். எங்கோ வெளிநாட்டில் மரக்கட்டையோ தயிரோ ஏற்றிக்கொண்டு ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்குப் போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான். காலேஜ் படிக்கும்போது என் மகள்தான் எனக்குப் பழக்கிவிட்டாள். அவள் வேலைக்குப் புனே போன பிறகும், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு அவள் அங்கே உட்காருவாள், நான் இங்கே உட்காருவேன். இரண்டு லாரியும் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். வழியில் வரும் பெரிய ரவுண்டானாவுக்கு எங்கள் ஊர் நினைவில் நாங்கள் வைத்த பெயர் பால்பண்ணை. நீளமான பாலம் ஒன்று உண்டு, அது கொள்ளிடம். லாரிகள் பக்கத்தில் வரும்போதெல்லாம் அவள் இரண்டு தடவை ஹார்ன் அடிப்பாள், நானும் இரண்டு தடவை அடிப்பேன். பேச வேண்டியது ஏதாவது இருந்தால் திரையின் ஓரத்தில் டைப் செய்துகொள்வோம். "அம்மா, சிக்னல்ல நில்லு" என்பதுதான் அவள் அதிகம் டைப் செய்தது. நான் நின்றதே இல்லை.

ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் அவள் கூட வேலை பார்க்கிற பையனை ரிஜிஸ்டர் ஆபீஸில் கல்யாணம் செய்துகொண்டாள். இவர் போகவில்லை. அன்றிலிருந்து அவளோடு பேசவும் இல்லை. திட்டினால்கூடப் பரவாயில்லை. இவர் வாயையே திறக்கவில்லை. நான் ஃபோன் செய்தால் அவள் முதலில் கேட்பது "அப்பா ஏதாவது சொன்னாராம்மா?" என்றுதான். "இல்லடி" என்பேன். அதன் பிறகு ஐந்து நிமிஷத்தில் யாராவது ஒருத்தர் அழுதோ கத்தியோ ஃபோனை வைப்போம். கேமில் மட்டும் அந்தக் கேள்வி வராது. ரோட்டைப் பார்க்கவே நேரம் சரியாக இருக்கும். அந்த ஒரு மணி நேரம் மட்டும்தான் எனக்கு மகள் என்று ஒருத்தி பாக்கி இருந்தாள்.

அந்தக் கம்ப்யூட்டரைத்தான் இவர் மாற்றினார். பழைய சிஸ்டத்துக்கு இனிமேல் அப்டேட் வராதாம், திருடன் புகுந்துவிடுவானாம். எங்கள் வீட்டில் திருடுவதற்கு என்ன இருக்கிறது? என் தயிர் லாரியையா? மேஜைக்கு அடியில் ஆளுயரத்தில் பாதி நின்ற பெட்டியைக் கழற்றி, கூட்டத்தின் சார்பில் லால்குடிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்குத் தானமாகக் கொடுத்துவிட்டார். பதிலுக்கு வந்தது ஒரு டிபன் டப்பா. நிஜமாகவே அந்த சைஸ்தான். கறுப்பு நிறம், இரண்டு பக்கமும் சின்னச் சின்ன ஓட்டை. உள்ளே அவர்களுடைய இலவச சிஸ்டம்.

"இதுல என் கேம் ஓடுமா?" என்றேன்.

"எல்லா கேமும் ஓடும். நம்ம ஆளுங்க பத்து வருஷமா ஓட்டறாங்க."

ஆயுத பூஜைக்கு முதல் நாள் அது வந்தது. பூஜையன்று ஹாலில் எல்லாவற்றையும் வரிசையாக வைத்தேன். அரிவாள்மணை, மிக்ஸி, தையல் மெஷின், அவருடைய ஸ்பேனர்கள், கடைசியில் இந்த டப்பா. சந்தனம் குழைத்து வைத்திருந்தேன். எல்லாவற்றுக்கும் ஒரு பொட்டு வைத்தேன். டப்பாவுக்கு வரும்போது கோபம் பொத்துக்கொண்டு வந்தது. புதுசுக்கு நிறைய வைக்க வேண்டும் என்பார்கள். நான் இரண்டு பக்கமும் மூன்று விரலால் அப்பி, நடுவில் குங்குமம் வைத்தேன். மெஷினுக்கு வைத்த சந்தனத்தை யாரும் துடைப்பது வழக்கமில்லை, அதுவாகக் காய்ந்து உதிர வேண்டும். மறுநாள் அவர் அதை அப்படியே பக்தியோடு தூக்கி, இடம் அடைக்காமல் இருக்கட்டும் என்று மானிட்டருக்குப் பின்னால் ஸ்க்ரூ போட்டு மாட்டிவிட்டார். சுவரைப் பார்த்தபடி அது தொங்கியது.

முதல் ஞாயிறு கேம் திறக்கவே இல்லை. இவர்களுடைய சிஸ்டத்தில் கேம் நேராக ஓடாதாம். நடுவில் இன்னொன்று உட்கார்ந்து, கேமிடம் "இது கம்பெனி சிஸ்டம்தான்" என்று நம்ப வைக்க வேண்டுமாம். பொய் சொல்லித்தான் விளையாட வேண்டும் என்றால் இவ்வளவு உத்தமம் எதற்கு என்று கேட்டேன். இரண்டாவது ஞாயிறு திறந்தது. நான் லாரியை எடுத்தேன், மகள் இரண்டு ஹார்ன் அடித்தாள், நானும் அடித்தேன். பால்பண்ணையைத் தாண்டவில்லை, திரை கறுப்பாகிவிட்டது. மூன்றாவது ஞாயிறு கொள்ளிடம் பாலத்தின் நடுவில் நின்றது. செய்தி படித்தால் நாள் பூரா உயிரோடு இருக்கும். பாசுரம் போட்டால் பாடும். கேம் என்று தொட்டால் பத்தாவது நிமிஷம் செத்துப்போகும். அதுவும் ஒரு வகை வைராக்கியம் என்று நினைத்துக்கொண்டேன்.

நாலாவது வாரம் கூட்டத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ஒருத்தர் காலேஜ் வாத்தியார், இன்னொருத்தர் பேங்கில் இருந்து ரிட்டயர் ஆனவர். காபி குடித்தார்கள். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தாக என்னென்னவோ அடித்தார்கள். பக்கம் பக்கமாக ஓடியது. இரண்டு பேருக்கும் முகத்தில் அப்படி ஒரு ஆனந்தம். மெஷின் ஓடும்போதுகூட அவர்கள் அவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை. பழுது இருந்தால்தான் அவர்களுக்குப் பொழுது போகும்போல. கிளம்பும்போது வாத்தியார் சொன்னார், "மேடம், எங்க வீட்ல இதே கேம் வெண்ணெய் மாதிரி ஓடுது. பெரும்பாலும் யூஸ் பண்றவங்க ஏதாவது பண்ணியிருப்பாங்க."

"நான் என்னங்க பண்ணேன்? அம்பு பட்டனை அமுக்கினேன்" என்றேன்.

"அதான் மேடம், ஏதாவது" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினார். அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. இலவச சிஸ்டத்தில் கேம் ஓடுமா என்று யாராவது கேட்டால் என் பதில் அன்றே தயாராகிவிட்டது. ஓடும், உங்களுக்கு வேறு வேலை இல்லை என்றால். ஓடும், ஏழு பேர் வந்து தள்ளினால். ஓடாவிட்டால் தப்பு உங்களுடையது.

புனேயில் இருப்பவளுக்கு இதெல்லாம் எப்படிப் புரியும்? முதல் வாரம் "பரவால்லம்மா" என்று மெசேஜ் வந்தது. மூன்றாவது வாரம் "சரி." ஐந்தாவது வாரம் நானே ஃபோன் செய்தேன்.

"கம்ப்யூட்டரை மாத்தினது அப்பாதானே?" என்றாள்.

"ஆமாடி, ஆனா..."

"புரியுதும்மா. இதுவும் வேணாம்னு முடிவு பண்ணிட்டாரு. விடு."

அப்படியெல்லாம் இல்லை என்று நான் சத்தியம் செய்திருக்கலாம். ஆனால் எனக்கே அந்தச் சந்தேகம் இருந்தது. அதற்கு அடுத்த ஞாயிறு நாலு மணிக்கு நான் கம்ப்யூட்டர் பக்கமே போகவில்லை. இவர் ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் பேப்பருக்குள் போய்விட்டார். அந்த மனுஷனை அன்றைக்கு நான் வெறுத்தேன்.

ஏழாவது ஞாயிறு திருவானைக்காவலில் சொந்தத்தில் ஒரு வளைகாப்பு. நான் மட்டும் போனேன். திரும்பி வந்து கதவைத் திறக்கும்போது நாலரை இருக்கும். உள்ளே லாரிச் சத்தம் கேட்டது.

கம்ப்யூட்டர் முன்னால் இவர் உட்கார்ந்திருந்தார். நிமிர்ந்து, இரண்டு கையையும் கீபோர்டில் வைத்து, லைசென்ஸ் டெஸ்ட்டில் ஓட்டிக் காட்டும் டிரைவர் மாதிரி. திரையில் முன்னால் ஒரு நீல லாரி போய்க்கொண்டிருந்தது. என் மகளுடையது. "விடு" என்று சொன்னவள் நாலு மணிக்கு வந்து உட்கார்ந்துகொண்டுதான் இருந்திருக்கிறாள். பின்னால், சரியான இடைவெளி விட்டு, என் பெயரில், என் தயிர் லாரி.

"என்ன பண்றீங்க?"

"டெஸ்ட் பண்றேன். படத்தோட தரத்தைக் குறைச்சு வெச்சேன், அரை மணியா நிக்கல" என்றார். திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அவளுக்குத் தெரியுமா, நீங்கன்னு?"

"டெஸ்ட்தான் பண்றேன்னு சொன்னேன்ல."

சிவப்பு சிக்னல் வந்தது. சுற்றிலும் ஒரு ஈ காக்கை இல்லை. இவர் நின்றார். பச்சை விழுகிறவரை காத்திருந்து, இண்டிகேட்டர் போட்டுத் திரும்பினார். நீல லாரி சிக்னலைத் தாண்டி ஓரமாக நின்றிருந்தது. இவர் பக்கத்தில் போனதும் அது இரண்டு தடவை ஹார்ன் அடித்தது. இவருக்கு அந்த வழக்கம் தெரியாது. கொஞ்சம் தடுமாறி, ஒரே ஒரு தடவை அடித்தார். இரண்டு லாரியும் சேர்ந்து பாலத்தில் ஏறின.

"நல்லா ஓட்டறா" என்றார்.

திரை கறுப்பாகிவிட்டது.

இவர் எழுந்து மானிட்டருக்குப் பின்னால் கையை விட்டார். "ஆ" என்று உதறிக்கொண்டு கையை எடுத்தார். அடுப்பு மாதிரி சுட்டிருக்கிறது. துணியைச் சுற்றி ஸ்க்ரூவைக் கழற்றி டப்பாவை வெளிச்சத்தில் திருப்பினார். இரண்டு பக்கமும் ஓட்டை இருந்த இடமே தெரியவில்லை. சந்தனம் காய்ந்து, சுவருக்குப் பூசிய மாதிரி இறுகியிருந்தது. நடுவில் குங்குமம் மட்டும் அன்றைக்கு வைத்த மாதிரியே இருந்தது. காற்று உள்ளே போக ஒரு வழியும் இல்லை. இந்த ஏழு வாரத்தில் வெள்ளை எழுத்தைப் படித்தவர்களில் ஒருத்தர்கூடப் பெட்டியைத் திருப்பிப் பார்க்கவில்லை. நானும்தான் பார்க்கவில்லை.

அவர் என்னைப் பார்த்தார். அதற்குள் என் ஃபோனில் மெசேஜ் வந்தது. "அது அப்பாதானே? சிக்னல்ல நின்னப்பவே தெரிஞ்சுது. கட் பண்ணிட்டாரா?"

ஃபோனை அப்படியே அவர் பக்கம் திருப்பிக் காட்டினேன். கண்ணாடியை மேலே தூக்கிக்கொண்டு படித்தார். இரண்டாவது தடவையும் படித்தார். பிறகு என் கையிலிருந்து ஃபோனை வாங்கி, அவரே அவளைக் கூப்பிட்டார்.

"நான் கட் பண்ணல" என்றார். "மெஷின் நின்னுச்சு. மெஷின் மேலயும் தப்பில்ல. உங்கம்மா ஓட்டையெல்லாம் அடைச்சு சந்தனம் வெச்சிருக்கா."

அந்தப் பக்கம் அவள் குரல் எனக்கும் கேட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "நிறையவாப்பா?"

"நிறையவா? சமயபுரத்தாளுக்குச் சந்தனக்காப்பு சாத்தின மாதிரி இருக்கு."

ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு அப்பாவும் மகளும் பேசிய பேச்சு என்னைக் குறை சொல்லித்தான் ஆரம்பித்தது. அரை மணி நேரம் சொன்னார்கள். மிக்ஸியில் நான் என்ன செய்தேன், ஃபிரிட்ஜில் என்ன செய்தேன், எதையும் விடவில்லை. நான் தாலிச் சரட்டிலிருந்து ஒரு ஊக்கை எடுத்து, டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு ஓட்டையாகக் குத்திச் சந்தனத்தை உதிர்த்துக்கொண்டிருந்தேன். மெதுவாகத்தான் செய்தேன்.