அரசரின் மேசைக்குப் போன பன்னிரண்டு ரோல்ஸ்

அதிகாலையில் எங்கள் ஊரான பென்டில் ஹில்லில் ரயில் ஏறி, பிறகு விமானம் பிடித்து, மகள் வசிக்கும் டண்டினொங் வந்து சேர்ந்தபோது பத்தரை. மடியில் ஒரு டப்பா. அதற்குள் பன்னிரண்டு மட்டன் ரோல்ஸ், வாழ்நாளில் முதல் தடவையாகக் குசினிக்குள் நின்று நானே பொரித்தவை. வங்கி வேலையை விட்டுவிட்டு நாடகம் படிக்கப் போன மகள் யாழினிக்கு, "இனி இந்த வீட்டுப் படி மிதிக்காதே" என்று சொல்லி எட்டு மாதம். என் போனை எடுப்பதில்லை. மன்னிப்புக் கேட்கத்தான் வந்தேன். திரும்பும் விமானம் மாலை ஆறேகாலுக்கு.

11.20. சனி, ஞாயிறில் யாழினி இங்கேதான் இருப்பாள் என்று அவள் அம்மா சொல்லியிருந்தாள்: டாக்சியில் நாற்பது நிமிடம் போனால் ஒரு புல்வெளி. ஐந்நூறு வருடத்துக்கு முந்திய ஐரோப்பிய அரசவையை வார இறுதியில் நடித்துப் பார்க்கிற கூட்டம். நுழைவுச்சீட்டு முப்பத்தைந்து டாலர். வாயிற்காவலன், இறுக்கிய காலுறையும் வெல்வெட் தொப்பியுமாக, நம்மவன். பெயர் சிவா.

"யாழினியின்ர அப்பாவோ? அவ அரசருக்குக் கிண்ணம் ஏந்திற ஆள், அங்கிள். வேசத்தில நிக்கேக்க வெளியாக்களோட கதைக்க ஏலாது."

"நான் வெளியாளோ?"

"இந்தத் தடுப்புக் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நிண்டா, ஓம். அரசருக்குச் சாப்பாடு கொண்டு போறாக்களை மட்டும் மேசைவரை விடுவினம். ஆனா ஒவ்வொரு அதிகாரியும் ருசி பாப்பினம். விஷம் இருக்கோ எண்டு."

சொல்லிக்கொண்டே முதல் ரோலை எடுத்துக் கடித்தான்.

12.00 முதல் 2.30 வரை நான் பட்ட பாட்டை எந்த எதிரியும் படக்கூடாது. அரண்மனை மேலாளர் இரண்டு தின்றார், முதலாவதில் முடிவு தெரியவில்லையாம். ரொட்டிக்கு ஒரு அதிகாரி, கத்திக்கு ஒருவர், உப்புக்கு ஒருவர், ஆளுக்கு ஒன்று. அரசர் கை துடைக்கும் துவாலையைப் பிடிப்பதற்கென்றே ஒரு தடியர்! அவர் கை காலியில்லாததால் உப்பு அதிகாரி ஊட்டிவிட்டார். கடைசியில் மேளக்காரர் நால்வர். அவர்களுக்கும் விஷத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கத்தினேன். வழக்கம் என்றார்கள்.

2.50. ஒரேயொரு ரோலோடு மேசையை அடைந்தேன். அரசருக்குப் பின்னால் யாழினி. என்னைக் கண்டும் முகத்தில் அசைவில்லை. டப்பாவை நீட்டினேன். கடைசி ருசி அவளுடையது. கடித்தாள், மென்றாள். சபை காத்திருந்தது.

"விஷமில்லை," என்று ஆங்கிலத்தில் அறிவித்தாள். பிறகு மெதுவாகத் தமிழில்: "உப்புக் கூடிப்போச்சு. அம்மா செய்யேல்லை, என்ன?"

"நான் செய்தது, பிள்ளை. நான் சொன்னது பிழை. மன்னிச்சுக்கொள்."

மேலாளர் கோலால் தரையைத் தட்டினார். யாழினி கிண்ணத்தை அரசரின் கையிலேயே திணித்துவிட்டுக் கயிற்றைத் தாண்டி வந்தாள். அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் அரசர் விழித்தார்.

விமானத்திலும் என் எரிச்சல் அடங்கவில்லை. ஒரு மனிதனிடம் போக இத்தனை பேரா என்று திட்டிக்கொண்டே வந்தபோதுதான் என் வீடு நினைவுக்கு வந்தது. பள்ளிச் சுற்றுலாவோ நாடகப் படிப்போ, யாழினி என்னிடம் நேரில் எதையும் கேட்டதில்லை. எல்லாம் அவள் அம்மா வழியாகத்தான், என் முகம் பார்த்து, தேத்தண்ணியோடு வரும். அந்தப் "படி மிதிக்காதே"யைக்கூட நான் அவளிடம் நேரில் சொல்லவில்லை. அம்மாவிடம்தான் சொல்லி அனுப்பினேன்.