உள்ளேன் ஐயா மிஸ்

எங்கள் பள்ளியையும் ஏரிக்கரைப் பள்ளியையும் ஒன்றாக்கிப் புதுக் கட்டிடத்தில் குடிவைத்தபோது, கழிப்பறையில் தண்ணீர் வருமா என்றுதான் எல்லாரும் கவலைப்பட்டார்கள். தண்ணீர் நன்றாகவே வந்தது. வம்பு வந்தது வருகைப் பதிவில்.

ஏரிக்கரைப் பள்ளியில் அதுவரை இருந்தவர்கள் எல்லாரும் வாத்தியார்கள். கம்பெனிகள் பக்கம் இருந்த எங்கள் பள்ளியில் எல்லாரும் டீச்சர்கள். முதல் நாள் ஒன்பதாம் வகுப்பில் பெயர் கூப்பிட்டேன். எங்கள் பிள்ளைகள் "பிரசன்ட் மிஸ்" என்றார்கள். ஏரிக்கரைப் பையன் ஒருவன் எழுந்து நின்று கணீரென்று "உள்ளேன் ஐயா" என்றான்.

"டேய், என்னைப் பார்த்தா ஐயா மாதிரியாடா இருக்கு?"

"பழகிப்போச்சு ஐயா" என்றான்.

பக்கத்து வகுப்பில், என்னைப் போலவே கணக்கு எடுக்கும் ஏரிக்கரை வாத்தியார் பாடு இன்னும் மோசம். அத்தனை பெரிய மீசையை வைத்துக்கொண்டு, எங்கள் பெண்களிடம் அவர் மிஸ் ஆகிவிட்டார். மத்தியானம் டிபன் டப்பாவைத் திறக்கும்போதே ஆரம்பித்தார்.

"இன்னா டீச்சர், பசங்க மரியாதையா ஐயான்னு கூப்ட்டா கசக்குதா?"

"உங்கள மிஸ்ஸுன்னு கூப்பிட்டா இனிக்குதா சார்?"

தினமும் இதே கச்சேரிதான். பிள்ளைகள் எங்கள் இருவரையும் சமாதானப்படுத்த ஒரு வழி கண்டுபிடித்தார்கள். "உள்ளேன் ஐயா மிஸ்." நான் தலையில் அடித்துக்கொண்டேன். அவர் ரசித்துச் சிரித்தார்.

அப்புறம்தான் அந்தப் பேச்சு வந்தது. ஒரே பள்ளிக்கு எதற்கு இரண்டு கணக்கு ஆசிரியர்? மிஞ்சுகிறவருக்கு இலாகா பாஷையில் 'உபரி' என்று பெயர். சோழவரம் ஏரி நிரம்பினால் திறந்துவிடுகிறார்களே, அதே உபரிதான். அந்த உபரி போகவேண்டிய இடம் பள்ளிப்பட்டு, மாவட்டத்தின் மறுகோடி. என் வீடோ கவரைப்பேட்டையில். வீட்டுக்காரருக்குக் கம்பெனியில் ஷிப்ட், மகள் பிளஸ் டூ. எனக்குச் சோறு இறங்கவில்லை.

வேலையில் பின்னால் சேர்ந்தவர்தான் போகவேண்டும் என்றார்கள். பார்த்தால், நாங்கள் இருவரும் சேர்ந்தது ஒரே வெள்ளிக்கிழமை. எனக்கு உயிர் வந்தது. மறு நிமிடமே போனது. அவர் முற்பகல், நான் பிற்பகல்.

அந்த வெள்ளிக்கிழமை நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஸ்டேஷனில் இறங்கும்போதே பத்தரை ஆகிவிட்டது. முதல் அரசாங்க வேலை, ராகு காலத்தில் கையெழுத்துப் போடலாமா? பன்னிரண்டு மணிவரை பிளாட்பாரத்து பெஞ்சில் முறுக்கு தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தேன். வாத்தியார் சர்ச்சுக்குப் போகிறவர். ராகுவும் கேதுவும் அவருக்குப் பழக்கமில்லை. நேராகப் போய்ச் சேர்ந்துவிட்டார்.

இதைச் சொன்னதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்ததும் டிபன் டப்பாவை மூடிவிட்டார்.

"பேஜாராக்கீது டீச்சர். இனிமே நான் யாராண்ட வம்பு பண்றது?" என்றார். அந்த மனிதர்மேல் கோபப்படக்கூட முடியவில்லை என்பதுதான் என் கோபம்.

பள்ளிப்பட்டில் சேர்ந்த நாளும் ஒரு வெள்ளிக்கிழமையாகவே வாய்த்தது. மகளை அவள் அப்பாவிடம் விட்டுவிட்டு, முந்தின நாளே வந்து ஓர் அறை எடுத்திருந்தேன். காலையில் கடிகாரத்தைப் பார்த்தேன். பதினொன்று, நடு ராகு காலம். போடா நீயும் உன் காலமும் என்று உள்ளே போய்க் கையெழுத்துப் போட்டேன்.

மத்தியானம் ஒரு வகுப்பைக் கொடுத்தார்கள். பெயர் கூப்பிட்டேன். "எஸ் மிஸ்", "எஸ் மிஸ்" என்று அழகாகச் சொன்னார்கள், ஒரு பிசகு இல்லை. கடைசிப் பெயர்வரை காத்திருந்தேன், ஒரு பிள்ளையாவது என்னை ஐயா என்று சொல்லாதா என்று.