காந்தத்தில் ஒட்டாத ஆணி

அமீரகத்தில், அல் ஐன் நகரத்துக்கு வெளியே நாங்கள் கட்டிய அந்த வீட்டுக்காகப் புதிதாக ஒரு மரம்கூட வெட்டக்கூடாது என்பது முதலாளியின் உத்தரவு. சன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி, சுவருக்குச் சூடு இறங்காத எடை குறைந்த கல், கூரைக்கு உடைத்த படகுகளிலிருந்து வந்த உத்திரங்கள். நான் ஸ்டோர்கீப்பர். பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தை ஒவ்வொரு உத்திரத்தின் மீதும் ஓட்டி, சிக்கிய ஆணிகளைப் பிடுங்கி, முனையில் மார்க்கரால் தேதி எழுதுவேன். தேதி இருந்தால் அறுக்கலாம் என்பது சைட்டில் சட்டம். அந்தச் சட்டத்தைப் போட்டவன் நான்.

செவ்வாய்க்கிழமை காலை ஏழே கால் என்று என் டைரியில் இருக்கிறது. ரம்பம் அலறியது. பிளேடின் பல் ஒன்று தெறித்து, ராமநாதபுரத்துக் கார்பென்டரின் இடது கண்ணுக்குள் போனது. அவர் விழவில்லை. ஒரு கையால் கண்ணைப் பொத்திக்கொண்டு, மறுகையால் மெஷினை நிறுத்தச் சுவிட்சைத் தடவித் தேடினார். முழங்கை வழியாக ரத்தம் மரத்தூளில் சொட்டியது.

ஆம்புலன்ஸ் போனதும் அவருடைய மச்சினன் உத்திரத்தைப் புரட்டினான். அறுபட்ட இடத்தில் எவர்சில்வர் திருகாணி பளபளத்தது. படகை யாரோ பின்னாளில் பழுதுபார்த்திருக்கிறார்கள். எவர்சில்வர் தட்டில் காந்தம் ஒட்டாது என்பது எனக்குத் தெரியும். மரத்துக்குள் அது இருக்கும் என்று நினைக்கவில்லை.

அதுவரை மச்சினன் என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவான். "தேதி போடத் தெரியுதுல்ல? ஆணி பாக்கத் தெரியலையாடா?" என்று வாயிலேயே குத்தினான். முன்பல் நாக்கில் விழுந்தது. கையிலிருந்த காந்தத்தால் நானும் அவன் காதோரம் அடித்தேன். மூன்று பேர் சேர்ந்து பிரித்துவிட்டார்கள்.

ஃபோர்மேனும் தமிழர்தான். என்னைத் தனியே இழுத்தார்.

"சேஃப்டி கண்ணாடி அவன் கண்ணுல இல்ல, நெத்தியிலதான் இருந்துச்சு. அவன் தப்பு. தேதி போட்ட முனையை அறுத்துக் குப்பையில போடு. கலாஸ், முடிஞ்சுது."

கார்பென்டர் தப்பு என்றால், அவர் ஒற்றைக் கண்ணோடும் வெறுங்கையோடும் ஊருக்குப் போவார். என் தப்பு என்றால் போவது நான்.

அதே மெஷினில் முனையை அறுத்தேன். குப்பையில் போடவில்லை, சட்டைக்குள் செருகிக்கொண்டு சேஃப்டி ஆபீசரின் கேபினை நோக்கி நடந்தேன். ஃபோர்மேன் பின்னால் ஓடிவந்து காலரைப் பிடித்து, என் தலையைக் கதவில் மோதினார். மோதிய சத்தத்தில் கதவு திறந்தது. தேதியை மேசைமேல் வைத்தேன்.

கண் திரும்பவில்லை. டியூட்டியில் நடந்த விபத்து என்று எழுதி, கார்பென்டருக்கு நஷ்ட ஈடு கொடுத்தார்கள். எனக்கு விசா ரத்து.

பெட்டி கட்டும்போது மச்சினன் ரூம் வாசலில் வந்து நின்றான். காதோரம் தையல்.

"பல்லு வலிக்குதா?"

"வலிக்குது."

"வலிக்கட்டும்ணே," என்றான். பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வண்டிவரை வந்தான்.