செக்கர் ஊர் காட்டுகிறார்

முதலில் காலைத்தான் பார்க்கிறார். பேருந்தில் நிற்கும் ஒவ்வொரு ஜோடிச் செருப்பையும் மேய்ந்து முடித்த பிறகே கண் மேலே ஏறுகிறது. “மூஞ்சிய வெச்சு ஒண்ணும் கண்டுபிடிக்க முடியாது சார். டிக்கெட் எடுக்காதவன் நல்லா சிரிச்சுக்கிட்டே நிப்பான். காலு மட்டும் வாசலப் பாத்துத் திரும்பியிருக்கும்.” நகரப் பேருந்துகளில் டிக்கெட் பரிசோதிப்பது அவர் வேலை. எங்கள் குடியிருப்பில் எல்லோருக்கும் அவர் ‘செக்கர்’.

என் வீட்டுக்கு நேர் எதிர்வீடு. கதவைப் பூட்டியதும் இரண்டு தரம் இழுத்துப் பார்ப்பார். முன்பெல்லாம் என்னைக் கண்டால் இன்னொரு தரமும் இழுப்பார். இப்போது அதை விட்டுவிட்டார். எங்கள் நட்பு அந்த அளவுக்கு வளர்ந்திருக்கிறது.

இப்படிப்பட்டவருக்கு இந்த நகரத்தின் மேல் அப்படியொரு காதல். விடுமுறை நாளிலும் பேருந்தேறி ஆற்றைப் பார்த்துவிட்டு வருவார். ரயில் நிலையத்து மணிக்கூண்டு தாமதமாக அடிக்கிறது என்று யாராவது சொல்லிவிட்டால் அன்றைக்கு முழுக்க முகம் வாடியிருக்கும்.

சென்ற மாதம் அவருடைய அக்காவும் அக்கா மகளும் வந்தார்கள். மகளுக்கு இங்கே ஒரு கண் மருத்துவமனையில் வேலை கிடைத்திருந்தது. ஊரைப் பார்த்த பிறகுதான் அனுப்புவதா வேண்டாமா என்று சொல்வேன் என்பது அக்காவின் பிடிவாதம். அந்த மனதைக் கரைக்கும் பொறுப்பு தம்பியின் தலையில் விழுந்தது. என்னையும் கூட அழைத்தார். பாசம் என்று நினைத்து நெகிழ்ந்துவிட்டேன். “நீங்க பின்னால வாங்க சார். பை எல்லாம் உங்க கண்ணுலயே இருக்கட்டும்.”

அவர் ஊர் காட்டிய அழகைச் சொல்ல வேண்டும். “இந்த மாதிரி ஸ்டேஷன் எங்கயும் கெடையாதுக்கா. பைய முன்னால போட்டுக்கோ. மேல அந்தக் கண்ணாடிக் கூரையப் பாரு. இல்ல, பாக்காத, பின்னால ஒருத்தன் வர்றான்.” பின்னால் வந்தவர் கைக்குழந்தையோடு வந்த ஒரு தகப்பன். பூங்காவில் பெரியவர் ஒருவர் மணி கேட்டார். செக்கர் கைக்கடிகாரத்தைச் சட்டைக்கைக்குள் மறைத்துக்கொண்டு, “தெரியலைங்க” என்றார். போட்டோ எடுப்பதும் அவரேதான், கைப்பேசியை என்னிடம்கூடத் தரவில்லை. போதாததற்கு, காலைப் பார்த்து யாரை எப்படிச் சந்தேகிப்பது என்று அக்காவுக்கும் பாடம் நடத்தினார். அக்காவின் முகம் இறுகிக்கொண்டே வந்தது. அந்தப் பெண் மாமாவைப் பார்த்துக் கெஞ்சாத குறை. எனக்கு அவர்மேல் கோபமே வந்துவிட்டது.

கடைசிக்கென்று ஆற்றுப்பாலத்தை வைத்திருந்தார். பேருந்தில் ஏறினோம். ஜன்னல் வழியே ஒவ்வொரு கட்டடமாகக் காட்டிக்கொண்டு வந்தார். வழியில் இன்னொரு பரிசோதகர் ஏறினார், வேலைக்குப் புதியவர். அப்போதுதான் செக்கருக்கு உறைத்தது. காலமெல்லாம் ஊழியர் பாஸில் போய்வருகிறவர் அவர். என்னிடம் மாதப் பாஸ். வாசலருகே இருக்கும் இயந்திரத்தில் மற்ற இரண்டு பேருக்கும் டிக்கெட் எடுக்க வேண்டும் என்பதே அவருக்குத் தோன்றவில்லை. தம்பி பார்த்துக்கொள்வான் என்று அக்காவும் இருந்துவிட்டார்.

செக்கர் நன்றாகச் சிரித்தபடி நின்றார். அக்கா குனிந்து பார்த்தார்.

“தம்பி, காலு வாசலப் பாக்குதுடா.”

பக்கத்தில் நின்ற பெண்மணி வாய்விட்டுச் சிரித்தார். புதிய பரிசோதகர், இவர் தன்னைவிட மூத்தவர் என்றெல்லாம் பார்க்கவில்லை, அபராதச் சீட்டைக் கிழித்து நீட்டிவிட்டார். அவமானத்தில் காது சிவந்து போனாலும் செக்கருக்குப் பெருமை தாங்கவில்லை. “பாத்தியாக்கா? எங்க ஆளுங்க யாரையும் விட மாட்டாங்க.”

பாலத்தில் இறங்கியதும் அக்கா நின்றுவிட்டார். “காலைலேர்ந்து எடுத்த போட்டோவுல ஒண்ணுத்துலயாவது நீ இருக்கியா? நீயே நம்பாத ஊருல எம் பொண்ண எப்பிடிடா விடுறது? போற வர்ற யார்கிட்டயாவது போனக் குடு. நீயும் வந்து நில்லு, சாரும் நிக்கட்டும். குடுத்தீன்னா இவ இங்க வேலைக்கு வருவா. இல்லேன்னா ராத்திரி வண்டிக்கே கெளம்புறோம்.”

செக்கர் பாலத்தில் வருகிறவர்களின் காலைப் பார்த்தார். ஒரு கிழவி வந்தார், யோசிப்பதற்குள் போய்விட்டார். அடுத்து வந்தவன் ஓட்டப்பயிற்சி செய்துகொண்டிருந்த ஓர் இளைஞன். புத்தம் புது ஓட்டக் காலணிகள். நின்ற இடத்திலும் கால் தரையில் நிற்கவில்லை, குதித்துக்கொண்டே இருந்தது. செக்கர் அக்கா மகளை ஒரு தரம் பார்த்தார். பிறகு கைப்பேசியை நீட்டினார். நீட்டிய பிறகும் விரல்கள் கொஞ்ச நேரம் விடவில்லை.

வந்து எங்கள் நடுவில் நின்றார். இளைஞன் இரண்டடி பின்னால் போனான். இன்னும் ஓரடி போனான். “சிரிங்க சார்” என்றான். நாங்கள் சிரித்தோம். செக்கர் மட்டும் அந்தக் காலணிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா கையை நீட்டி, ஒற்றை விரலால் தம்பியின் முகவாயை நிமிர்த்தினார்.